மூணேகால் என்ற பெயர் வந்த கதை

அன்புள்ள மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், இரண்டு தடவை படித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன் தையல் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள், ஆவியை வெளியே தள்ளும் விசிறி வேண்டும் என்று மேலாளரிடம் கேட்கப் போன இடத்தில் நம் தீவுக்கு அக்கரையிலுள்ள ஊர்க்காரன் ஒருவன், “இவங்க மூணேகால் ஆளுங்க சார், பாதியில எழுந்து போயிடுவாங்க” என்று சொல்ல, எல்லாரும் சிரிக்க, நீயும் பேசாமலே எழுந்து வந்துவிட்டாயாம். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியும் போகமாட்டாயாம். நன்றாயிருக்கிறது!

நம் தீவுக்காரர்கள் நேரம் தவறாதவர்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. கடைசிப் படகு மூன்றரைக்கு என்பதால் அக்கரையில் கல்யாணமோ சினிமாவோ, மூன்றேகால் ஆனால் நம் ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் பெயர் விழுந்தது ஒரே நாளில். தீவில் பிரசவம் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும் என்று அக்கரை அலுவலகத்துக்கு நாற்பது பேர் போனோம், பெண்களுக்காகப் பேச வேண்டியவள் நான், வயிற்றில் நீ ஆறு மாசம். என் முறை வந்தபோது மணி மூன்றேகால். நான் எழுந்தேன், பேசப்போகிறேன் என்று அதிகாரி பேனாவைத் திறந்தார், நானோ பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டேன், என் பின்னால் அத்தனை பேரும். படகில் ஏறி மூச்சு வாங்கும்போதுதான் பார்த்தோம், எங்களோடு விழுந்தடித்து ஓடி வந்தவர்களில் அந்தக் கடைசிப் படகை ஓட்டும் உன் அப்பாவும் இருந்தார். அவர் இல்லாமல் எந்தப் படகு போயிருக்கும்? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. திரும்பி ஓடினால், பேச ஆளில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். நர்ஸ் வரவில்லை, பெயர் வந்தது.

படகில் பிறந்தவள் என்று பெருமையடிப்பாயே, கண்ணு, அது என்னால் வந்தது. நர்ஸ் இல்லாமல் பிரசவத்துக்கு அக்கரை போகும் வழியிலேயே பிறந்து, நனைந்த பலகையில் நீலம் பாரித்துக் கிடந்தாய், அரை நிமிஷம் அழவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறு வருஷம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே அறைக்குப் போனேன். மூன்றேகாலுக்கு அதிகாரி கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். “படகோட்டி இதோ பக்கத்துலதான் இருக்கார் சார், நான் சொன்னாதான் எழுந்திருப்பார்” என்றேன். ஐந்தரை வரை பேசினேன். அடுத்த மாதமே நர்ஸ் வந்தார், அதற்குப் பிறகு இங்கே ஒரு குழந்தையும் படகில் பிறக்கவில்லை.

அதனால் வியாழக்கிழமை போ. அவன் மூணேகால் என்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார், கேட்க வேண்டியதைக் கேட்டு முடி. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. உனக்கு ஒரு குறையும் வராது, அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. யாராவது மயங்கி விழுந்து கண் திறக்காமல் கிடந்தால் அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அன்று முதலில் எழுந்துபோன
உன் அம்மா