கேப்டனும் சின்னானும்

8.7.2012 ஞாயிறு
மழை. இங்கே இப்போது குளிர்காலம், ஏழு டிகிரி. மகள் அனித்தாவின் வருங்கால மாமியார் க்ளேர் மதியம் சாப்பிட வந்தார். கியூபெக்காரர், தாய்மொழி பிரெஞ்சு. மீன் குழம்பு இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

வம்சாவளி எழுதுகிறாராம், கல்யாண ஹாலில் மாட்ட. அவர்கள் ஊரில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர். அப்பன் வழி ஒன்று, படையில் வைத்த பட்டப்பெயர் ஒன்று. பேரன்மார் பிடித்ததை வைத்துக்கொள்வார்களாம். பிறகு கேட்டார்: பாண்டிச்சேரித் தமிழருக்கு லாஃபோரே என்று எப்படிப் பெயர்?

என் வீட்டுக்காரர் கூசாமல் சொன்னார், கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஒரு பிரெஞ்சுக் கேப்டன் என்று. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

10.7 செவ்வாய்
ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போகவில்லை. மீன் இல்லை, பருப்புதான். இவரிடம் கேட்டேன்.

"எந்தக் கேப்டன்?"

"சும்மா இருடி. யாரு போய்ப் பாக்கப் போறா?"

"பேர் மாத்தின பத்திரம் என் பீரோவுல இருக்கு."

"அத எடுத்து நீட்டினா நாம யாருன்னு நம்ம தமிழ் ஜெபக் கூட்டம் பூரா தெரிஞ்சிடும். இருபது வருஷமா மூடி வச்சது."

எடுத்தேன். அகராதியை வைத்து நானே பிரெஞ்சு படித்தது இதற்காகத்தான். இவருடைய கொள்ளுத்தாத்தா சொல்லி எழுதியது. சாரம்:
— சின்னானுக்கும் மனைவி மரியம்மாளுக்கும் பிறந்த சவரிமுத்து, கூலி.
— சாதி வழக்கங்களைத் துறக்கிறேன். இனி பிரெஞ்சுச் சட்டம்.
— எனக்கும் மனைவி மக்களுக்கும் குடும்பப் பெயர் லாஃபோரே.
— கையெழுத்துத் தெரியாது. பதிலுக்கு ஒரு கீறல்.

கேப்டனும் இல்லை, கர்னலும் இல்லை. சவரிமுத்து தானே போய்க் கேட்டு வாங்கிய பெயர். மாதா கோவிலுக்குள்ளேயே சுவர் வைத்து நம் ஆட்களை அந்தப் பக்கம் நிறுத்திய காலம். எழுத்துத் தெரியாத மனிதர் அதிகாரி முன் போய் நின்றிருக்கிறார். இவருக்கு ஜெபக் கூட்டத்தைக் கண்டு பயம்.

13.7 வெள்ளி
வெயில், காற்று. துணி காய்ந்தது. அனித்தா வம்சாவளி வரைபடம் அனுப்பினாள். கேப்டனுக்கும் மரியம்மாளுக்கும் நடுவே புள்ளிக்கோடு. போனில் கேட்டேன்.

"கல்யாண ரெக்கார்ட் இல்லன்னா அப்படித்தான் போடுவாங்களாம். சோல்ஜர்ஸ்னா சகஜமாம். அவங்க ஃபேமிலிலயும் உண்டாம், வெக்கப்பட வேணாம்னு க்ளேர் சொன்னாங்க."

"யாருடி வெக்கப்படுறது?"

"அம்மா, ப்ளீஸ். இட்ஸ் ஜஸ்ட் எ சார்ட்."

மாதாவே! தாலி கட்டி வாழ்ந்தவளை வைப்பாட்டி ஆக்கிவிட்டார் இவர், ஒரு வெள்ளைத் தாத்தாவுக்காக. சின்னான் பெயரே இல்லை. ஜெபமாலை பாதியில் நின்றது. கோபம் பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன். இனிச் செய்ய மாட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

15.7 ஞாயிறு
பூசை முடிந்து ஹாலில் டீ. ஜெபக் கூட்டத்தார் எல்லாரும். க்ளேரும் வந்திருந்தார். பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்தேன். சத்தமாகவே இங்கிலீஷில் பெயர்த்துப் படித்தார். கீறல் வந்ததும் நிறுத்திவிட்டார். அப்போ கேப்டன்? என்றார். கேப்டன் கிடையாது, சின்னான் என்று எழுதுங்கள், புள்ளிக்கோட்டை முழுக்கோடாகப் போடுங்கள் என்றேன்.

லூர்துமேரி அக்கா கப்போடு பக்கத்தில். "லாஃபோரேன்னதும் பெரிய எடம்னு இல்ல நெனச்சோம்."

"பெரிய எடந்தான்க்கா."

காரில் இவர் சாவியைத் திருப்பவே இல்லை. "இனிமே அந்த ஹாலுக்குள்ள எப்படிடி போவேன்?"

"அடுத்த வாரம் டீ நம்ம முறை. பால் கேனை நீங்கதான் தூக்கிட்டு வரணும்."