பூட்டுக்கு வெளியே நின்றவன்

இன்று காலை நிக்டியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே பங்கார்காரன் வந்தான். மருமகள் பழைய இரும்புச் சாமான்களை அவன் தராசில் போட்டாள். அதில் நான் முன்பு குடியிருந்த கட்கி ரூமின் பூட்டும் இருந்தது. கையில் எடுத்தேன், துரு வாசனையோடு நீ வந்துவிட்டாய், கூட்டாளி. செத்து இரண்டு மழைக்காலம் ஆகியும் உன்னால் சும்மா இருக்க முடியவில்லை, பார்த்தாயா! எட்டாவதில் தோற்றவன் கடிதம் எழுதுகிறான் என்று அங்கே உட்கார்ந்து சிரிக்காதே. நீ ஒன்பதில் தோற்றவன். பெரிய வித்தியாசம் இல்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய சாயங்காலம் நான் சாராயக் கடையில் இருந்தேன். இதோ வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனவன். திரும்பி வந்தபோது கட்டில் காலி. அடக்கம் முடிந்ததும் கோயில் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். எந்த முகத்தோடு ஆண்டவர் முன்னால் உட்காருவது? ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, மகன் துபாயில். இரண்டு மாதத்தில் ரூமைக் காலி செய்துவிட்டு, யாருக்கும் என்னைத் தெரியாத ஏதாவது ஊரில் குடித்தே செத்துப்போவது என்பதுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் யார் வீட்டு முறை என்று எழுதி வைக்கிற வேலை சபையில் உன்னுடையது. என் முறை வந்தது. நான் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, சுற்றிப்போய்ப் பின்கதவு வழியாக நுழைந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டேன். பத்துப் பேர் வந்தீர்கள். பூட்டைப் பார்த்ததும் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீ என்ன சொன்னாய்?

"முறைன்னா முறைதான். பாய விரிங்க."

வாசலிலேயே பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். கதவுக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளியும் வந்தீர்கள். அதற்கடுத்த வெள்ளியும். ஒருவர் பொறுமை இழந்து உன்னிடம் கேட்டது உள்ளே தெளிவாகக் காதில் விழுந்தது.

"அண்ணாச்சி, மத்த வீடெல்லாம் காத்துக் கெடக்கு. ஆளே இல்லாத வீட்டுக்கு எத்தன வாட்டி வாரது?"

"அவங்கல்லாம் எங்க போயிரப் போறாங்க? காத்துக் கெடக்கட்டும்."

வாரா வாரம் ஆள் குறைந்தது. ஆறாவது வாரம் மூன்றே பேர். அன்று பின்வாசலில் பாக்கரி ரொட்டி கொடுக்க வந்த பக்கத்து ரூம் மராத்திக்கார அம்மா என்னை முறைத்தாள். "காகா, துமச்சா தேவ் தாராத் உபா ஆஹே!" உங்கள் சாமி வாசலில் நிற்கிறாராம். கிண்டலாகத்தான் சொன்னாள். கிண்டலுக்கு நான் அவளுக்கு அப்பன். ஆனால் அன்று பாக்கரியை வாங்கி அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஏழாவது வெள்ளி நீ மட்டும் வந்தாய். உள்ளே நான் பை கட்டி வைத்திருந்தேன். மறுநாள் ரூம் சாவியை ஒப்படைக்க வேண்டும். நீ தனியாகப் பாட ஆரம்பித்தாய். உன் குரலை நான் சபையில் செய்யாத கேலியா? பல்லவியை எப்படியோ தாண்டினாய். சரணத்தில் மேலே ஏறி, இறங்க வழி தெரியாமல் அலைந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, சுதிய விட்டுட்டு எங்கலே போற?"

கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினேன். பாட்டு நின்றது. பிறகு நீ சாதாரணமாகச் சொன்னாய்.

"அப்போ நீயே எடுத்துக் குடு."

கொடுத்தேன். பூட்டிய கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் ஒரே பாட்டைப் பாடினோம். பாதியில் என் குரல் உடைந்தது. நீ நிறுத்தவில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து நானே பூட்டைத் திறந்தேன்.

"நான் உள்ள இருக்கது எப்பம்லே தெரியும்?"

"மொத வாரமே. கதவப் பூட்டிட்டு, அதே வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டுட்டு ஒளியுறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே."

"பெறகு ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா பின்வாசல் வழியா ஓடிருப்ப. பாடுனா உக்காந்து கேப்ப."

அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். "அவ போகும்போது நான் பக்கத்துல இல்லடே. குடிச்சிட்டுக் கெடந்தேன்."

"தெரியும். அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான வந்திருக்காரு. நான் மட்டுமா வந்தேன்னு நெனச்ச?"

உன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பையை நீதான் அவிழ்த்தாய். குடி உடனே விடவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் தேடி வந்தாய், திட்டாமல்.

முன்பெல்லாம் போதகர் ஐயர் காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது உன் காதில் கேலியாகச் சொல்வேன்: "கடவுளுக்கே தெரியாம எங்கலே காணாமப் போறது?" இப்போது அதே கேள்வியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. ஒளிந்த இடம் தெரிந்தே தேடியிருக்கிறார். உடைத்துக்கொண்டு வர முடிந்தவர், நானாகத் திறக்கும்வரை ஏழு வாரம் வெளியே நின்றிருக்கிறார். என்னைப் போன்ற ஒருவனுக்காகவா? இவ்வளவு பெரியது எப்படி என் கதவு வரைக்கும் வந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அதனால் ஒரு சங்கடம். இப்போதெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே, வாரும்" என்று கூப்பிட வாய் வருவதில்லை. அவர் வந்து எவ்வளவு நேரமாய் நிற்கிறாரோ என்று தோன்றிவிடுகிறது. முட்டுவலியோடு எழுந்து நின்றுகொள்கிறேன்.