மாடிக்கு நான் போகாத ஐந்து நாட்கள்

இன்று காலை செம்பூர் ஸ்டேஷன் வாசலில் வெந்தயக்கீரை வாங்கினேன். மணலில் வளர்த்து, வேரோடு கட்டி விற்பார்களே, அந்தப் பொடிக்கீரை. நான்கு தண்ணீரில் அலசியும் மணல் போகவில்லை. ஐந்தாவது தண்ணீரில் கையை விட்டபோது அந்தக் கசப்பு வாசனை முகத்தில் ஏறியது. பாத்திரத்தை சிங்க்கிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்து அதற்கு முன்னால் மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டேன்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீ கேட்ட அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. முள்ளங்கி எந்த மாதத்தில் வரும்? "எப்பவும் வரும் டீச்சர், கடையில இருக்கே" என்று வகுப்பே சொன்னதாம். இடைவேளையில் நீ ஆசிரியர் அறைக்கு வந்து டீயைக்கூடத் தொடாமல் சொன்னாய்: "ஏட்டி, புஸ்தகத்துல படம் இருக்கு, இதுகளுக்குப் பேரும் தெரியுது. அது மண்ணுல இருந்து வருதுங்கறதுதான் தெரியல."

"தாராவியில மண்ணுக்கு எங்க போவ?" என்று நான் சிரித்தேன்.

நீ செம்பூர் நர்சரியிலிருந்து ஆறு மூட்டை மண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். மீன் மார்க்கெட்டில் தூக்கி எறியும் தெர்மகோல் பெட்டிகள், பெயிண்ட் வாளிகள், தண்ணீருக்கு ஒரு நீல டிரம். நம் பள்ளியின் மொட்டைமாடிக்கு அந்த மூட்டைகளை நீயும் நானும் வாட்ச்மேனும் தூக்கி ஏற்றினோம். உண்மையைச் சொன்னால், நீ இழுத்ததால் நான் வந்தேன். எனக்கு அதில் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

முதலில் வெந்தயம்தான் போட்டாய், உன் அடுக்களை டப்பாவிலிருந்து எடுத்து. "பன்னெண்டு நாளுல கையில ஒண்ணு குடுக்கணும். இல்லேன்னா புள்ளைங்க நம்பாது" என்றாய். பன்னிரண்டாம் நாள் பறித்தோம். வீட்டிலிருந்து ஒற்றை அடுப்பைக் கொண்டுவந்து, மாடிப்படித் திருப்பத்தில் வைத்து, பாசிப்பருப்பு போட்டுக் கீரையைக் கடைந்தாய். பள்ளிச் சாப்பாட்டில் கீரை தென்பட்டால் விரலால் ஒதுக்கும் பிள்ளைகள் தட்டை நக்கினார்கள். கசக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தாங்கள் வளர்த்தது கசக்கும் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

இசக்கியை நினைத்துக்கொள்கிறேன். அதே நான்காம் வகுப்பு, இட்லி அவிக்கிற வீட்டுப் பெண். அம்மா விடியுமுன்னே இட்லி அவித்துச் சைக்கிளில் விற்கிறவர்களுக்குக் கொடுப்பாள். இவள் பள்ளிக்கு வடாபாவ் தின்றுகொண்டே வருவாள். ஜனவரியில் முதல் முள்ளங்கியைப் பிடுங்கினவள் அவள்தான். விரல் தண்டிதான் இருந்தது. மண்ணை உதறிப் பார்த்துவிட்டு உன்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"டீச்சர், இது வேருல்லா? வேரையா திங்கச் சொல்லுதிய?"

"வேருதான். கடிச்சுப் பாரு."

கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காரம்! ஆனா நல்லா இருக்கு" என்றாள். மிச்சத்தைத் தின்னாமல் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் அம்மா அதைச் சாம்பாரில் போட்டு, வீட்டில் ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வில்லை வைத்தாளாம். மறுநாள் அதை வகுப்பில் சொல்லும்போது அவள் நின்ற நிற்பு எனக்கு இன்னும் தெரிகிறது.

அடுத்த மழைக்கு அவள் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் மாடியை விடவில்லை. விதைக்காமலே ஒரு பெட்டியில் தகரைச் செடி முளைத்தபோது களை என்று பிடுங்கப்போன என்னைத் தடுத்தவள் அவள். "டீச்சர், இது டாக்ளா. மராட்டிக்காரப் பாட்டி மழைக்கு விப்பா" என்றாள். அதை வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கினோம். நீ சந்தோஷமாக இருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

கணபதி விடுமுறை ஐந்து நாள். பூனாவில் உன் நாத்தனார் வீட்டில் விசேஷம். கிளம்புமுன் என்னிடம் சொன்னாய்: "ஷீட்டுக்கு அடியில நாத்து இருக்கு. மழை அதுமேல படாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தண்ணி ஊத்திரு. மிச்சத் தண்ணியக் கொட்டி டிரம்மைத் தேச்சு வச்சிரு. மறந்துராதட்டி, கொசு வந்துரும்." நான் சரி என்றேன். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது.

முதல் நாள் மழையில் ரயில் நின்றது. அது ஒரு நாள்தான். மற்ற நாலு நாளும் ரயில் ஓடியது. என் வீடு இருக்கும் திலக் நகரிலிருந்து, பள்ளிக்கு இறங்கும் சயானுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மோதகம் செய்தோம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐந்து நாளும் போய்விட்டன.

பள்ளி திறந்த அன்று வாசலிலேயே கேட்டாய். "மாடிக்குப் போனியாட்டி?"

"ரெண்டு தடவ போனேன்."

"டிரம்மு?"

"தேச்சு வச்சிட்டேன்."

இடைவேளையில் ஏறிப்போய்ச் செய்துவிடலாம், சொன்னது உண்மையாகிவிடும் என்றுதான் அப்படிச் சொன்னேன். இடைவேளையில் பரீட்சைத் தாள்கள் வந்தன. மறுநாள் எனக்கு அது நினைவிலேயே இல்லை. நீ மாடிக்குப் போய் நாற்றைப் பார்த்தாய்; மழைக்காற்றின் ஈரத்தில் அது வாடியிருக்கவில்லை. டிரம்மைத் திறந்து பார்க்கவில்லை. நான் தேய்த்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. இசக்கிதான் தினமும் அதில் முகந்து ஊற்றினாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் முனிசிபாலிட்டி ஆட்கள் இருவர் வந்தார்கள். மாடியில் நீ, நான், தலைமையாசிரியர். ஒருவர் டார்ச்சை டிரம்முக்குள் அடித்து, "மேடம், யே தேகோ" என்று உள்ளே பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. தலைமையாசிரியர் இது யார் பொறுப்பு என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. கோபம் இல்லை, கேள்விகூட இல்லை. உனக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

"நான்தான் சார். எல்லாம் என் பொறுப்புதான்" என்றாய்.

நான் என் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். கீழே இருந்த கூரைகளைக் காட்டினார். எல்லாவற்றிலும் தார்ப்பாய், எல்லாத் தார்ப்பாயிலும் தண்ணீர். எந்தக் கொசு கடித்தது என்று யாராலும் சொல்லமுடியாது என்று இந்தியில் உனக்குச் சமாதானம் சொன்னார். படி இறங்கும்போது நீ என்னிடம் அன்றைக்குப் பேசியது அது ஒன்றுதான்: "தெரியாதுன்னு சொல்லுதாரு. தெரிஞ்சாலாவது ஒருவழியா மனசு ஆறிரும்."

இசக்கியின் அப்பா பள்ளி முற்றத்தில் வந்து கத்தினார். "படிக்க அனுப்பினேனா, மண்ணு தோண்ட அனுப்பினேனா?" என்று கேட்டார். பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் நின்றார்கள். நீ கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாய். நான் வகுப்புக்குள் இருந்தேன். மறுநாள் பெட்டிகளையும் வாளிகளையும் மண்ணோடு லாரியில் அள்ளிப்போனார்கள். மாடிக்கதவில் பூட்டு விழுந்தது. உன்னை முலுண்டில் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டபிறகு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தேன், சொல்லிவிடத்தான். முதல்முறை உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் முறை நாம் இருவர் மட்டும். வாயைத் திறந்தேன். நீ கையை அசைத்து, "ஒண்ணும் சொல்லாண்டாம், உக்காரு" என்றாய். அது மன்னிப்பா, களைப்பா என்று பலநாள் யோசித்தேன். களைப்பு என்றுதான் நினைக்கிறேன்.

நம் பள்ளியில் இப்போது தமிழ் வகுப்புகளில் பாதியை மூடியாகிவிட்டது. இருக்கிற பிள்ளைகள் காலையில் பாக்கெட் சிப்ஸோடு வருகிறார்கள். முள்ளங்கிப் பாடம் வந்தால் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன். எந்த மாதம் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் தாராவி லேபர் கேம்ப் பக்கம் இசக்கியின் அம்மாவைப் பார்த்தேன். இட்லித் தட்டோடு நின்றாள், இளைத்திருந்தாள். உன்னைப் பற்றி அவளாகவே கேட்டாள். நீ போய்விட்டதைச் சொன்னேன்.

"செத்துட்டாவளா," என்றாள். "செத்தவியளச் சொல்லக்கூடாது. ஆனா எம்புள்ள போனது அவியளாலதான் டீச்சர். ஒரு டிரம்மைப் பாக்க முடியாதவிய எதுக்குத் தோட்டம் போடணும்? நீங்க அப்படி இல்ல. நீங்க இருந்து பாத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பா."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். தெருவில் கூட்டம்கூட இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல ஆட்டினேன். அவள் காகிதத்தில் நாலு இட்லி கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் இன்று சொல்லிவிட்டேன். அது உனக்கு முன்பே தெரிந்ததுதான். சொல்லவேண்டியது அவளிடம். அவள் வீடு எனக்குத் தெரியும். நான் போகமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.