இரண்டு விரல் ஆட்டம்

ஹொங்கொங்
08.06.2025

அன்புள்ள றெக்சன்,

சுகம்தானே? போனில் கதைத்தால் பத்தாம் நிமிடம் சண்டை, ஆகவே கடிதம் என்ற உங்கள் சட்டப்படி எழுதுகிறேன். என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டக் கேட்கிறார்கள். இந்த எழுபது மாடிக் கட்டடம் புயலில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க என்னை விட்டால் ஆளில்லையாம். நீங்கள் வந்தால் ஒப்பமிடுவேன். வராவிட்டால் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஊருக்கு வருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. போன வருடம் இதே கட்டடத்தின் நாற்பத்தெட்டாம் மாடியிலுள்ள என் வீட்டில் தூக்கு விளக்கு ஆடியதும் மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிய கணவரிடம் கேட்கிறேன்.

அங்கே கச்சான் எப்படி? இங்கே இன்னும் ஒன்றுமில்லை.

உங்கள்
தர்ஷனா


லிங்கநகர், திருகோணமலை
27.06.2025

அன்பின் தர்ஷனாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீர் ஆசையாய்க் கேட்டபடியால் கச்சான் கடலை அனுப்புகிறேன். இரண்டு கிலோ, உப்புவெளி றம்லா அக்கா மணலில் வறுத்தது. அங்கே ஒன்றுமில்லை என்று நீர் எழுதியதை வாசித்து அம்மா கண் கலங்கிவிட்டா.

மற்றது, வீடென்றால் அசையாமல் நிற்க வேண்டும். ஆடுகிற ஒன்றை வீடென்று சொல்ல எனக்கு ஏலாது. கோபிக்க வேண்டாம்.

றெக்சன்


ஹொங்கொங்
21.07.2025

அன்புள்ள றெக்சன்,

நான் கேட்டது கச்சான் காற்றை! காற்றை அளந்து சாப்பிடுகிறவள் வேறு எதை விசாரிப்பேன்? பரவாயில்லை, நல்ல ருசி.

நேற்றுப் புயல். உச்சியிலுள்ள கருவிகளின் கணக்கை அனுப்பினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் குசினியில் மூன்றடி நூலில் உங்கள் கச்சான் பையைத் தொங்கவிட்டு, பின்னால் அளவு பார்க்க அடிமட்டம் பிடித்தேன். கட்டடம் ஒருமுறை போய்த் திரும்ப ஆறு விநாடி. பை ஆடியது இரண்டு விரல் அகலம். வளைந்து கொடுக்கத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் ஓட்டுகிற இழுவைப் படகு எவ்வளவு ஆடுகிறது? அளந்து எழுதுங்கள். ஓகஸ்ட் முடிவில் நான் பதில் சொல்ல வேண்டும்.

தர்ஷனா


லிங்கநகர்
09.08.2025

அன்பின் தர்ஷனாவுக்கு,

அதே மூன்றடி நூலில், அதே அளவு கச்சானைச் சுக்கான் அறையில் தொங்கவிட்டேன். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதே ஒரு சாண். வெளிக்கடலில் பை என் நெற்றியில் அடித்தது. எஞ்சின் பார்க்கிற இராசதுரை அண்ணன், "பதினெட்டு வருசமாய் இதுக்குள்ள நிண்டு தேத்தண்ணி குடிக்கிறாய். ரெண்டு விரலுக்கோ ஓடி வந்தனீ?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்லவில்லை, உமக்குச் சொல்கிறேன். நான் விளக்குக்குப் பயந்து ஓடி வரவில்லை. அங்கே எல்லாரும் உம்மைக் கேட்டுத்தான் எதையும் செய்தார்கள். நான் லிப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் உமக்குப் பின்னால் நின்றேன். வெட்கமாயிருந்தது. அதைச் சொல்ல ஏலாமல் பழியைக் கட்டடத்தில் போட்டேன்.

ஒப்பமிடும். செப்டெம்பர் நடுவில் வருகிறேன். அந்தப் பையை அவிழ்க்க வேண்டாம். அடுத்த புயலுக்கு அடிமட்டத்தை நான் பிடிக்கிறேன்.

உம்முடைய
றெக்சன்


ஹொங்கொங்
24.08.2025

என் றெக்சன்,

ஒப்பமிட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், அழுதுகொண்டே கச்சானும் தின்றேன். பையில் இப்போது பாதிதான். பயப்பட வேண்டாம், பாரம் குறைந்தாலும் நூலின் நீளம் மாறாதவரை ஆட்டம் மாறாது.

ஒரு கையில் அடிமட்டமும் மறு கையில் மணிக்கூடும் பிடித்து, தனியாக அளப்பது எவ்வளவு கரைச்சல் தெரியுமா? எனக்குப் பின்னால் நிற்க வேண்டாம். பக்கத்தில் நில்லுங்கள்.

வரும்போது கச்சான் கொண்டுவாருங்கள். இந்த முறை நான் காற்றைக் கேட்கவில்லை.

தர்ஷனா