ஸ்கோலாஸ்திகா வீட்டுக்குப் போன மாதா

அன்பு மகள் எர்னாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலிகூடக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. சுரபாயாவில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். மழைதான் இன்னும் வரவில்லை.

அக்டோபர், ஜெபமாலை மாதம் அல்லவா, மாதா சுரூபம் வழக்கம்போல வீடு வீடாகப் போகிறது. செவ்வாய்க்கிழமை நம் வீட்டில் ஜெபமாலை, மறுநாள் மாலை நாம்தான் சுரூபத்தை அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த வீடு உன் ஞானத்தாய் ஸ்கோலாஸ்திகாவுடையது. நம் சோளத்தை மேய்ந்த அவள் பன்றியை அம்மா வெயிலில் கட்டிப்போட்டதும், அவள் மகனின் புதுநன்மை விருந்துக்கு வளர்த்த அந்தப் பன்றி செத்துப்போனதும் உனக்குத் தெரியும். அதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ஜெபக்குழுத் தலைவர் பல்தசார் வந்து, "வேணும்னா நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்க்கா" என்றார். "தாராளமா கொண்டு போ" என்ற அம்மா, நாலு மணிக்கே குளித்து, நல்ல சாரோங் கட்டி, சுரூபத்தைத் தானே தூக்கிக்கொண்டாள்.

ஸ்கோலாஸ்திகா படலருகே நின்று கை நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள், அம்மாவும் விடவில்லை. பின்னால் நாங்கள் இருபது பேர் ஒரே பாட்டை மூன்றாம் தடவையாகப் பாடிக்கொண்டு நின்றோம். "மாதாவ ரெண்டாப் பிச்சுடாதீங்கம்மா" என்றார் பல்தசார். ஸ்கோலாஸ்திகாதான் முதலில் பேசினாள்: "கால்கிட்ட கல்லு கெடக்கு, பாத்து வாடி." "ரெண்டு வருஷமா இதை எடுத்துப் போடலியா நீ?" என்றாள் அம்மா. "வர்றதுக்கு யாரு இருந்தா, எடுத்துப் போட?" இருவரும் சுரூபத்தை விடாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார்கள். ஜெபம் முடிந்ததும் அம்மா எல்லோர் முன்னாலும், "உன் பன்னிய சாகடிச்சது நான்தான் ஸ்கோலா, கோவத்துல தண்ணிகூட வைக்கல" என்றாள். "தெரியும். நான் போன பாஸ்கா திருநாளுக்கே மன்னிச்சுட்டேன். நீதான் வந்து வாங்கிக்கல. கெழங்கு ஆறுது, சாப்பிடு" என்றாள் அவள். அம்மா அழுதுகொண்டே மூன்று கிழங்கு தின்றாள். இன்று காலையிலிருந்து இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அம்மாவுக்காக நீயும் ஞானத்தாயின் அழைப்பை எடுப்பதில்லை என்று அறிவேன். அந்தக் கோபத்துக்கு இங்கே இனி சொந்தக்காரர் யாரும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மாதா உன்னைக் காக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் அழைப்பாளாம். எடு.

உன் அன்பு அப்பா,
ஹிரோனிமுஸ்