தீபாவளிக்கு யாருக்கும் லீவு இல்லையாம்

அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலையிலேயே மழை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் வழக்கம்போல் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குள் நுழையும்போது செருப்பு சளக் சளக்.

கோப்பு வாசிக்கும் மென்பொருள் கருவிக்கு விளக்கம் எழுதி முடித்தேன். 'கோப்பின் பெயரைக் கொடு. உள்ளே இருப்பது வரும்.' அவ்வளவுதான். இதைப் படிக்கப்போவது மனிதர் இல்லை, சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட். நான் எழுதுவதை வைத்துத்தான் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அதற்குத் தெரியும்.

கருவியைச் செய்த பிரகாஷ் (இனி பி.) எட்டிப் பார்த்தான். "இதுக்கு மேல என்ன அக்கா எழுதப் போறீங்க? போதும் லா."

போதும் என்றுதான் எனக்கும் பட்டது.

நாளை போர்ட் கிள்ளான் லோரி கம்பெனியில் ஏஜென்டுக்குச் சோதனை. வெள்ளியோடு என் புரொபேஷன் முடிகிறது. நாற்பது தாண்டியபின் மறுபடி வேலை தேடி அலைய என்னால் ஆகாது. வீட்டில் வாய் திறக்கவில்லை.

வாங்க: உளுந்து, முறுக்கு அச்சு (பழையது உடைந்துவிட்டது), மகளுக்குச் சுடிதார் - மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு.

அக். 7, செவ்வாய்

நல்ல வெயில். மானம் போன நாள்.

அங்கே டிரைவர்களுக்கு வேலை பிரிப்பவர் செல்வம் அண்ணன். ஏஜென்டிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: தீபாவளி வாரத்தில் யார் யார் லீவு? இந்த வருட லீவுக் கோப்பை வாசித்துவிட்டு அது சொன்னது: யாரும் இல்லை. கையோடு எல்லாருக்கும் தீபாவளிக் காலையிலேயே லோரியும் ஒதுக்கிவிட்டது.

அறையே சிரித்தது.

அண்ணன்: "யம்மா, இங்க பாதிப் பேரு நம்ம ஆளுங்க. தீபாவளிக்கு லீவு இல்லன்னு போய்ச் சொன்னா என்னைய லோரியோட சேத்துக் கட்டிருவானுங்க!"

நானும் சிரித்தேன். எங்கள் மேனேஜர் வசந்தி மேடம் சிரிக்கவில்லை. காரிலிருந்து இறங்கும்போது, "ஃபிரைடே திரும்ப வரோம்னு சொல்லிருக்கேன். அதுக்குள்ள சரி பண்ணிருங்க, மாலா."

அக். 8, புதன்

புகைமூட்டம். தொண்டை கரகர.

பி.யோடு உட்கார்ந்து பார்த்தேன். கோப்பில் எல்லார் லீவும் இருக்கிறது. நீளமான கோப்பு என்றால் கருவி முதல் பகுதியை மட்டும் கொடுக்கும். மீதிக்கு மறுபடி கேட்க வேண்டும். ஏஜென்டுக்கு ஜூன் வரைதான் கிடைத்தது. கோப்பே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டது, பாவம்.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்தானே அக்கா?"

கத்திய பிறகுதான் ஞாபகம். எனக்கும் தெரியும்! சேர்ந்த புதிதில் தே தாரிக் குடித்துக்கொண்டே இவன்தான் சொன்னான். இங்கே தெரியாதவர்கள் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார்கள். ஏஜென்டுக்குப் பக்கத்து மேசை கிடையாது.

புதிதாகச் சேர்த்தது:
- கோப்பு நீளமாக இருந்தால் ஒரு பகுதிதான் வரும்.
- மீதி வேண்டுமானால் எந்த வரியிலிருந்து என்று சொல்லிக் கேள்.
- கடைசிவரை வாசிக்காமல் 'இல்லை' என்று சொல்லாதே. எதுவரை வாசித்தாய் என்று சொல்.

கடைசி வரியை எழுதும்போது கீபோர்டு அதிர்ந்தது. கோபம் என் மேல்தான்.

பி. மசால் வடை வாங்கி வந்தான். சமாதானமாம்.

அக். 9, வியாழன்

உளுந்து மறந்துவிட்டது. சரியான தூக்கம் இல்லை.

மகள்: "ஏம்மா லாப்டாப்ப சாமி ரூம்ல வச்சிருக்க?"

சார்ஜ் போட என்றேன்.

அக். 10, வெள்ளி

போர்ட் கிள்ளான். தூறல். செல்வம் அண்ணன் வேண்டுமென்றே அதே கேள்வி.

திரையில்: 'ஜூன் வரை வாசித்திருக்கிறேன். கோப்பு இன்னும் இருக்கிறது. மீதியையும் வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.'

அதைப் பார்த்ததுமே அழுகை முட்டியது. பிறகு பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அண்ணன் விரல் வைத்துச் சரிபார்த்தார். "ஹா, இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுது."

அப்பாடா.

திரும்பும் காரில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மேடம், என் புரொபேஷன்…?"

"அது போன வாரமே கன்ஃபர்ம் பண்ணி சைன் வச்சாச்சே. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாது மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.