இடக்கைக்கு ஓர் உறை

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
11 ஜனவரி 2025

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். பிறம்ரன் குளிரில் நீங்கள் தடிமன் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கடிதம் என்பது மகளின் யோசனை. "போனிலை நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கினா கடைசியிலை நான்தான் அழுறன். சீரியஸ்லி அம்மா, பேப்பரிலை எழுதுங்கோ. ஒராள் கதைக்கேக்கை மற்றவர் குறுக்கை விழேலாது" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

உங்களிடம் ஒரு விசயம் கேட்க வேண்டும். கோபப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். வேலையில் எங்களுக்குப் புதிய பிஸ்ரல் தந்திருக்கிறார்கள். குழலுக்குக் கீழே சின்ன ரோச் லைற் பூட்டியது. நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடங்களிலும் வங்கிகளின் பின்வாசல்களிலும் வெளிச்சம் காணாது என்று நாங்களே கேட்டு வாங்கியது. ஆனால் பழைய உறைக்குள் அது இறங்காது. அனுமதித்த உறைகள் சில இருக்கின்றன, அவரவர் உடம்புக்கு ஏற்றதை அவரவரே தெரிவுசெய்யுங்கள் என்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் உடனே எடுத்துவிட்டார்கள். நான் இடக்கைக்காரி, கட்டை உடம்பு. போட்டுப் பார்த்த ஒன்று விலாவில் இடிக்கிறது. இன்னொன்றிலிருந்து எடுக்க முழங்கை காதுவரைக்கும் போகிறது.

பொலிசுக்கும் காவலாளிகளுக்கும் போகிற இந்தச் சாமான்களைத்தான் உங்கள் பண்டகசாலையில் நாள் முழுக்கப் பொதி செய்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவர்களில் உங்களை விட்டால் கேட்பதற்கு ஆளில்லை. காசு ஏற்றும் கவச வண்டியில் துப்பாக்கி கட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போனதால்தான் நீங்கள் வீட்டை விட்டுப் போனீர்கள் என்பதை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டால் நல்லதைச் சொல்வார்கள். நீங்கள் என்றால் எனக்கு நல்லதைச் சொல்வீர்கள்.

வாசல் பனியை இப்போது நானே தள்ளுகிறேன். நீங்கள் தள்ளுவதுபோல ஓரம் நேராக வருவதில்லை.

அன்புடன்
பேர்ணடெற்


பிறம்ரன்
19 ஜனவரி 2025

அன்புள்ள பேர்ணிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். வேலைக்குப் போய் வந்து திரும்ப வாசித்தேன். நீர் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவது என்றுதான் இருக்கிறேன்.

பிஸ்ரலின் பெயர் மட்டும் போதாது, அதில் பூட்டிய லைற்றின் பெயரும் மகளின் போனில் அனுப்பிவிடும். லைற்றோடு போகிற உறை அந்த இரண்டுக்கும் சேர்த்து அச்சில் வார்த்தது. பலவற்றில் உறை கெட்டியாகப் பிடித்துக்கொள்வது லைற்றைத்தான். லைற்றைக் கழற்றிவிட்டு வைத்தால் பிஸ்ரல் உள்ளே ஆடும். அதனால் லைற் பழுது என்று கழற்றிக் கொடுக்கிற நாளில் அந்த உறையை நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறையை யாராவது தந்தால் கையாலும் தொட வேண்டாம்.

லைற்றுக்கு இடம் விடுவதால் வாய் அகலமாகத்தான் இருக்கும். பழகுவதற்கென்று வரும் பிளாஸ்ரிக் பொம்மைத் துப்பாக்கியை உள்ளே வைத்து, பக்கத்து இடைவெளியால் விரலை விட்டுப் பாரும். விரல் விசைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த உறை வேண்டாம்.

பூட்டு ஒன்று போதும், கெதியாக எடுக்கலாம் என்று உம்மோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். நீர் இரண்டு பூட்டு உள்ளதை எடும். பெருவிரலால் மேல்மூடியை அழுத்தி முன்னுக்குத் தள்ள வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் கொளுக்கியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உமது விரலுக்கு அது ஒரே அசைவாகப் பழகிவிடும். பின்னால் நின்று பறிக்கிறவனுக்கு அது பிடிபடாது.

பட்டியில் மாட்டுகிற துண்டைத் தாழ இறங்குவதாக, இடுப்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி நிற்பதாக வாங்க வேண்டும். உமக்கு எதை எடுக்கவும் இடது தோள் முதலில் உயரும். கோயிலுக்குச் சேலை உடுத்து மடிப்புச் செருகும்போதும் அப்படித்தான். நீர் கண்ணாடி பார்க்க, பின்னால் நின்று எத்தனை நாள் பார்த்திருப்பேன்.

கேட்டதற்கு மட்டும் என்று தொடங்கினேன், முடியவில்லை. மக்டலீன் அக்காவின் கதை உமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொலிஸ்காரனின் உறையைப் பற்றி நான் உமக்குச் சொன்னதில்லை. மன்னார் பஸ் நிலையத்தில் அவனுக்கும் இன்னொருவனுக்கும் இழுபறி. தோல் உறை, மேலே ஒரு பொத்தான், அவ்வளவுதான். மற்றவன் ஒரு இழுவையில் எடுத்துவிட்டான். யாரைச் சுடுவது என்று அவனுக்கே தெரியவில்லை, குண்டு அக்காவில் பட்டது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலையில் ஒவ்வொரு உறையையும் பெட்டியில் போட முதல் மூடியை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். யாரும் என்னைச் செய்யச் சொன்ன வேலையில்லை.

இடக்கைக்கு உள்ளது வந்து சேரக் கிழமைகள் எடுக்கும். நானே ஓடர் பண்ணுகிறேன்.

மகளுக்கு என் முத்தம்.

அருள்நாயகம்


வெக்ஸ்போர்ட்
22 பெப்ரவரி 2025

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. திருகாணிகளை நீங்களே முறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி இருந்தேன். விலாவில் இடிக்கவில்லை. தோளும் உயரவில்லை.

பிஸ்ரல் வேலைத்தலத்தை விட்டு வெளியே வராது. உறையும் பழகுவதற்கான நீலப் பொம்மைத் துப்பாக்கியும்தான் வீட்டுக்கு வரும். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறேன். முதல் கிழமை பெருவிரல் மூடியைத் தேடியது. இப்போது தானாகப் போகிறது. ஸ்டெபனி கட்டிலில் கால்நீட்டி இருந்து, "அம்மா, முகத்தை அப்பிடி வைக்காதேங்கோ, எனக்கே பயமாக் கிடக்கு" என்கிறாள்.

வண்டி ஓட்டும் மரியோவிடம் பின்னால் நின்று பறித்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெரிய உடம்புக்காரன் இரண்டு கையாலும் இழுத்தான். நான்தான் பட்டியோடு சேர்ந்து சுற்றினேன், பொம்மை வரவில்லை. "யார் இதைத் தெரிவுசெய்தது?" என்று கேட்டான். என் மனிசன் என்றேன். உங்களுக்கு மனிசன் இருக்கிறாரா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் முகம் அப்படித்தான் கேட்டது.

அக்காவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் போன அன்று, "உன்ரை இடுப்பிலை அதைப் பாக்க என்னாலை ஏலாது" என்று மட்டும்தான் சொன்னீர்கள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஒரு பெரிய வண்டி எனக்காகக் கதவு திறந்து காத்து நிற்கிறது. நான் சரி என்றால்தான் புறப்படுகிறது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் யாரும் எனக்காக அப்படிக் காத்து நின்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்களேன். விளைமீன் வாங்கி வைக்கிறேன். உறையை மகளின் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். உங்கள் கண்ணில் படாது.

எதிர்பார்த்திருக்கும்
பேர்ணடெற்


வெக்ஸ்போர்ட்
29 மார்ச் 2025

ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மீன் வாங்கினேன், மகளும் நானும் சாப்பிட்டோம். பதில் எழுதாத நீங்கள் வியாழக்கிழமை ஏன் அப்படி வந்தீர்கள்?

என்ன நடந்தது என்று என் பக்கத்தால் சொல்கிறேன். லோறன்ஸ் வீதிப் பிளாசாவில் ஒரு சாம்பல் கார் நிற்கிறது, உள்ளே ஒருவர் இருந்து எங்களையே பார்க்கிறார் என்று மரியோ அதற்கு முந்தின கிழமையே சொல்லியிருந்தான். வியாழனும் அதே கார். "கவனம், அவன் இறங்குறான்" என்று வண்டிக்குள் இருந்து என் காதுக் கருவியில் சொன்னான். நான் வலக்கையில் பையோடு வங்கிக் கதவால் வெளியே வந்துகொண்டிருந்தேன். தலையை மூடிய குளிர்ச்சட்டை, சட்டைப் பைக்குள் ஒரு கை, கார்களுக்கு நடுவால் என்னை நோக்கி ஒரு மனிதர். நில் என்று இங்கிலீசில் கத்தினேன். அவர் நிற்கவில்லை. என் பெருவிரல் மூடியை முன்னுக்குத் தள்ளிவிட்டது. நான் தள்ளவில்லை, விரல் தள்ளியது. அதற்குப் பிறகுதான் "பேர்ணி, நான்தான்" என்று சத்தம் வந்தது.

நீங்கள் கையை உயர்த்தினீர்கள். கையில் இருந்தது ஒரு சோடி கையுறை.

உங்களுக்கு விளங்குகிறதா? இன்னும் ஒரு அசைவு. கண்ணாடிக்கு முன்னால் நான் ஒரே அசைவாகப் பழகி வைத்திருந்த அசைவில் மிச்சப் பாதி.

மரியோ அறிவித்துவிட்டான், அறிவிக்கத்தான் வேண்டும். மேலாளரின் அறையில் இருந்து, அவர் என் புருசன் என்று சொன்னேன். உங்களுக்குள் ஏதும் பிரச்சினையா, அவர் உங்களைப் பின்தொடர்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை, அவர் நல்ல மனிசன் என்றேன். நல்ல மனிசன் ஏன் ஒளித்திருந்து பார்க்கிறார் என்றார்கள். என்னை வேறு பாதைக்கு மாற்றியிருக்கிறார்கள். மரியோவோடு இனி வேலையில்லை.

ஏன் வந்தீர்கள்? மனதில் இருப்பதை எழுதுங்கள்.

பேர்ணடெற்


பிறம்ரன்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள பேர்ணிக்கு,

ஒளித்திருக்க நினைக்கவில்லை. ஞாயிறு வரச் சொல்லி எழுதியிருந்தீர். ஒரு ஞாயிறு புறப்பட்டு உமது வீதி முனைவரைக்கும் வந்தேன். மணியை அழுத்தினால் நீர் கதவைத் திறப்பீர், பிறகு நான் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். பிறகு யோசித்தேன், முதலில் தூரத்தில் நின்று அந்தச் சாமானோடு உம்மைப் பார்ப்போம், பார்க்க முடிந்தால் மணியை அழுத்தலாம் என்று. நீர் எந்தெந்த நாளில் அந்தப் பிளாசாவுக்கு வருவீர் என்று மகளிடம் கதையோடு கதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளை ஏச வேண்டாம்.

முதல் நாள் நீர் வண்டியால் இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாம் முறை, நீர் ஒரு வயதுபோன மனிசிக்கு வழிவிட்டு நின்று ஏதோ சொல்லிச் சிரித்ததைக் கண்டேன். வியாழக்கிழமை கையுறை இல்லாமல் நடந்தீர். அவ்வளவு குளிர். கையுறை போட்டால் மூடி விரலுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் காரில் கிடந்த மெல்லிய தோல் கையுறையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நீர் கத்தியது கேட்டது. என்னைப் பார்த்துத்தான் கத்துகிறீர் என்று என் புத்தியில் ஏறவில்லை. நான் என் மனிசியிடம்தானே போகிறேன் என்றிருந்தது.

உமது விரல் போனதை நானும் கண்டேன். பேர்ணி, நான் பயப்படவில்லை. பஸ் நிலையமும் நினைவுக்கு வரவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உமக்கு முகம் மெலிந்துவிட்டது.

வேலையை விடும் என்று இனிக் கேட்கமாட்டேன். உறையை மகளின் அறையில் பூட்டவும் வேண்டாம். அது எங்கே தொங்கினாலும் தொங்கட்டும். வீட்டுக்கு வரட்டுமா? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்த அறையில் ஒருவருக்குத் தேத்தண்ணி வைத்துக் குடித்துக் களைத்துப்போனேன்.

உமது
அருள்


வெக்ஸ்போர்ட்
13 ஏப்ரல் 2025
குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அருள்,

இருபத்திரண்டு வருசத்தில் முதல்தரம் உங்கள் பெயரை எழுதுகிறேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத ஆசையாக இருந்தது.

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. இரண்டு வருசமாக நான் காத்திருந்த கேள்வி அதில் இருந்தது. வாருங்கள் என்று அன்றே எழுதியிருப்பேன். எழுத விடாதது வேறு ஒன்று.

நீங்கள் பயப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பயந்துபோனேன். இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினால், விரல் மூடிக்குப் போனதும் கையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். விரல் நின்றுவிடுகிறது. வேலையில் விரல் அப்படி நின்றால் நானும் போவேன், என்னோடு வருகிறவனும் போவான். மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். என்னைக் கொஞ்சக் காலத்துக்கு உள்வேலையில் விட்டிருக்கிறார்கள். கதை கேட்டு ஆறுதல் சொல்ல ஒரு பெண்ணையும் ஒழுங்கு செய்து தந்திருக்கிறார்கள். "நீர் அவரைச் சுடேல்லை, நீர் நிப்பாட்டினனீர், அதையும் உம்மடை கைதானே செய்தது" என்று அவள் சொன்னாள். நம்மடை ஆள், புனிதவதி என்று பெயர். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் வீட்டுக்கு வந்தால் காலையில் என்னை வழியனுப்புவீர்கள். மாலையில் கதவு திறக்கிற சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு இருப்பீர்கள். ஒன்றும் கேட்கமாட்டீர்கள், எழுதியபடி நடப்பீர்கள், அதுவும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் நான் பட்டியைக் கட்ட வேண்டும். இன்று என்னால் முடியாது. முன்பு நீங்கள் முடியாது என்று போனீர்கள். இப்போது முடியாதவள் நான். உங்களைத் தண்டிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேற்றும் சமையலறையில் இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

வீடு இப்போது வேண்டாம். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்கு வாருங்கள். நீங்கள் இல்லாமல் சிலுவைப் பாதைக்குப் போய் எனக்கும் அலுத்துவிட்டது. மகளையும் கூட்டி வருகிறேன். பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் ரிம் ஹோட்டனில் ஒரு கோப்பி குடிப்போம். பிறகு நீங்கள் பிறம்ரனுக்கு, நாங்கள் வீட்டுக்கு. அடுத்தது என்ன என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம்.

பக்கக் கதவால் வராதேயுங்கள். முன்வாசலால் வாருங்கள். நான் நேரத்தோடு வந்து திரும்பி நின்றுகொண்டிருப்பேன், நீங்கள் நடந்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்க்க.

உங்கள்
பேர்ணி